சொல்லக் கூசிய வலி

எனக்கு எங்கே வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வதற்கே மாதங்கள் ஆயின. கேட்டவர்களிடமெல்லாம் இடுப்பு என்றே சொன்னேன். இடப்பக்க விதையில் என்று சொல்ல நாக்கு எழவில்லை. மருத்துவப் புத்தகங்களில் அதற்கு விந்தகம் என்று பெயர் இருப்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கத்துப் பேச்சில் அதற்கு இருக்கும் சொல் பெரும்பாலும் வசவில்தான் வரும். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது?

இப்போது மருந்தெல்லாம் முடிந்து, எடை கொஞ்சம் கூடி, வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். என்னைப் போல இடுப்பு வலி என்று சொல்லித் திரிகிற யாராவது படிக்கட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. காரைக்குடியில் வாடகை வீடு. நானும் மனைவி புவனாவும் மட்டும்தான். தினமும் பைக்கில் போய்வருவேன். அந்த பைக்கில் வைத்துத்தான் முதலில் தெரிந்தது. வலி என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு கனம். ஈரத்துணியைப் பிழியாமல் அந்தப் பக்கம் கட்டித் தொங்கவிட்டது போல இருந்தது. சீட்டுதான் சரியில்லை என்று நினைத்து சீட்டை மாற்றினேன். கனம் குறையவில்லை. மெல்ல அது வலியானது. நிற்கும்போது அடிவயிற்றை இழுக்கும். உட்காரும்போது தொடையிடுக்கில் ஏதோ நசுங்குவது போல இருக்கும். மருந்துக்கடைக்குப் போனேன். கவுண்டரில் ஒரு பெண் நின்றிருந்தார். "இடுப்பு வலிக்கு மாத்திரை குடுங்க" என்று வாங்கி வந்தேன். போட்டால் அரை நாள் அடங்கும், பிறகு வரும்.

கடைசியில் கண்டுபிடித்தவள் புவனாதான்.

"என்னங்க, ரெண்டு நாளா காலை அகட்டி அகட்டி நடக்கீக?"

"இடுப்புப் பிடிப்பு."

"இடுப்புப் பிடிப்புக்கு எதுக்கு வேட்டிய இம்புட்டு லூசா கட்டுறீக? சும்மா சொல்லுங்க, எங்குட்டு வலிக்குது?"

சொன்னேன். அவளிடம் சொல்வதற்கே சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. "நாளைக்கு டாக்டர்கிட்டப் போறோம்" என்றாள், அவ்வளவுதான்.

காரைக்குடியிலேயே ஒரு கிளினிக். திரைக்குப் பின்னால் படுக்கவைத்து, கையுறை மாட்டிக்கொண்டு டாக்டர் அழுத்திப் பார்த்தார். நெஞ்சுக்குழி வரை சுண்டி இழுத்தது. மேசைக்குத் திரும்பியதும் கேள்விகள் தொடங்கின.

"வலி திடீர்னு வந்துச்சா, மெல்ல மெல்லவா?"

"மெல்லத்தான் சார்."

"கூடவே வாந்தி?"

"இல்லை சார்."

திடீரென்று உயிர் போகிற மாதிரி வலித்து வாந்தியும் வந்தால், விதை தன்னைத் தாங்கும் ரத்தக்குழாய்க் கொடியோடு முறுக்கிக்கொண்டதோ என்று பயப்பட வேண்டும் என்றார். ரத்தம் போகும் வழி அடைபட்டுவிடும். சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்து முறுக்கைப் பிரிக்காவிட்டால் விதை செத்துப்போகும். சின்ன வயதுப் பையன்களுக்கு அது அதிகமாம். வெட்கப்பட்டு விடியட்டும் என்று படுத்திருந்து இழந்தவர்கள் உண்டாம். வேறு காரணங்களும் சொன்னார். சிறுநீரகத்திலிருந்து கல் இறங்கும்போது அங்கே ஒன்றுமே இல்லாமல் வலி மட்டும் வந்து நிற்கும். குடல் இறங்கினாலும் வலிக்கும். ரத்தக் குழாய்கள் புடைத்துச் சுருண்டாலும் இழுத்துப் பிடித்த மாதிரி கனக்கும். எனக்கு இதெல்லாம் இல்லை என்றார். விதைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய குழாய் சுருண்டு கிடக்கிறது. விந்தணு அதன் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அந்தக் குழாய் வீங்கியிருக்கிறது, கிருமித் தொற்று என்றார்.

எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார். "வெளியில பழக்கம் எதுவும் உண்டா?"

பக்கத்து நாற்காலியில் புவனா இருந்தாள்.

"இல்லை சார்."

"மறைக்காமச் சொல்லுங்க. அதுக்குத் தகுந்தாப்பல மருந்து மாறும்."

"இல்லை சார்" என்றேன் மறுபடியும். உண்மையைச் சொல்லும்போதும் குரல் நடுங்கும் என்பது அன்று தெரிந்தது.

வீடு திரும்பும்போது புவனா பைக்கின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எப்போதும் என் தோளில்தான் கை வைப்பாள். வீட்டுக்கு வந்து தோசை வார்த்தாள். தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அந்த டாக்டரு கேட்டத நான் ஒங்ககிட்டக் கேக்கல."

"கேக்கணும்னா கேளு."

"தோணுனா கேக்க மாட்டேனா? தோணல. சாப்பிடுங்க, மாத்திரை போடணும்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தது ஏன் என்று நானும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருடமாகியும் குழந்தை இல்லை. அதற்காக அவளைத்தான் எல்லாச் சோதனைக்கும் அனுப்பியிருந்தார்கள். ரத்தம், ஸ்கேன், கர்ப்பப்பைக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே எல்லாம் அவளுக்கே. எல்லாம் சரியாக இருந்தும் அவளைத்தான் மறுபடி மறுபடி கேட்டார்கள். என்னை யாரும் சோதனைக்குக் கூப்பிடவில்லை.

மருந்து முடிந்தது. வலி கொஞ்சம் மட்டுப்பட்டது, வீக்கம் அப்படியே இருந்தது. இரண்டாவது முறை வேறு மருந்து. இந்த முறை வீக்கம் கல் போல இறுகியது. சாயங்காலமானால் உடம்பு லேசாகக் காந்தும். பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன். அந்த டாக்டரே ஒருநாள் தொட்டுப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றி வெகுநேரம் கை கழுவினார். "மதுரைக்குப் போயிருங்க. சிறுநீரகம், விதை இதெல்லாம் பாக்குற சர்ஜன்கிட்டக் காட்டணும். தள்ளிப்போடாதீங்க" என்றார்.

மதுரையில் அந்த மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் பெரும்பாலும் ஆண்கள்தான். பல்வலி, காய்ச்சல் என்று வந்தவர்களென்றால் உட்கார்ந்ததுமே பேச ஆரம்பித்துவிடுவார்கள். இங்கே ஒருவரும் மற்றவரைப் பார்த்து என்னவென்று கேட்கவில்லை. எல்லோரும் சுவரில் இருந்த டிவியையே பார்த்தார்கள். ஒருவர் மட்டும் உட்கார முடியாமல் விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கல்லடைப்பு என்று அவராகவே அறை முழுவதற்கும் சொன்னார். கல் என்று சொல்லிக்கொள்ள முடிகிறதே என்று அவர்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஸ்கேன் அறையில் குளிர்ந்த பசையைத் தடவினார்கள். ஸ்கேன் எடுத்த டாக்டர் இளவயது, கலகலப்பாகப் பேசினார். காரைக்குடியா, அங்கே சித்தப்பா வீடு இருக்கிறது, பழைய சாமான் கடையில் ஒரு கண்ணாடி வாங்கினேன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், கருவியை இடப்பக்கம் கொண்டு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். திரையைத் திருப்பிக்கொண்டார். வெளியே போய் இன்னொரு டாக்டரைக் கூட்டி வந்தார். பேச்சு நின்ற அந்த இடத்தில்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

சர்ஜன் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"கட்டி மாதிரி தெரியுது. கேன்சரா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

புவனா என் கையைப் பிடித்தாள். அவள் கை என் கையைவிடக் குளிர்ந்திருந்தது.

ரத்தத்தில் சில பொருட்களின் அளவைப் பார்த்தார்கள். சில வகைப் புற்றுநோயில் அவை ஏறியிருக்குமாம். எனக்கு ஏறவில்லை. நான் மூச்சு விட்டேன். அதை வைத்து மட்டும் நிம்மதியடைய முடியாது, ஏறாமலே வரும் வகையும் உண்டு என்றார் சர்ஜன்.

"ஊசி போட்டு ஒரு துளி எடுத்துப் பாக்க முடியாதா சார்?" என்று புவனா கேட்டாள்.

"மத்த எடத்துல அப்படிச் செய்வோம்மா. இங்க செய்யிறதில்ல. கேன்சரா இருந்து வெளியிலேர்ந்து ஊசி குத்தினா, அது வேற பாதையில பரவ நாமே வழி பண்ணின மாதிரி ஆயிரும். அதனால தொடையிடுக்குக்கு மேல கீறி, விதையை முழுசா எடுத்துத்தான் சோதனைக்கு அனுப்புவோம். ஒண்ணு இருந்தாலே போதும். உடம்புக்கும் ஒண்ணும் ஆகாது, குடும்ப வாழ்க்கைக்கும் ஒண்ணும் ஆகாது."

அறுவைக்கு முன்னால் விந்தணுவை எடுத்து உறைய வைத்துக்கொள்ளலாம், பின்னால் கீமோ கொடுக்க நேர்ந்தால் குழந்தைக்கு உதவும் என்றார். அதற்கென ஒரு சிறிய அறை இருந்தது. தாழ்ப்பாள் போட்டேன். வெளியே யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம், சக்கர நாற்காலி உருளும் சத்தம். அந்தச் சத்தங்களுக்கு நடுவே, புற்றுநோய் என்ற சொல் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்க, வலிக்கிற உடம்போடு அங்கே இருந்ததைப் பற்றி இதற்குமேல் எழுத வேண்டாம்.

முடிவு சாயங்காலம் வந்தது. விந்தணு ஒன்றுகூட இல்லை.

"பதற்றத்துலயும் இப்படி வரலாம். மொதல்ல உயிரைப் பாப்போம்" என்றார் சர்ஜன். ஆனால் அவர் நெற்றி சுருங்கியதைப் பார்த்தேன். ஒரு பக்கம் நோய் என்றால் மறுபக்கம் வேலை செய்ய வேண்டுமே என்று எனக்கே தோன்றியது. கேட்கத் தெம்பில்லை. புவனா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நான்கு வருடமாக அவளைக் கேட்ட கேள்விக்குப் பதில் எங்கே இருக்கிறது என்று அந்த நேரம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. அதை அவள் ஒரு சொல்லாலும் சொல்லிக்காட்டவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, இன்றுவரை.

அப்பாவிடம் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லியிருந்தோம். அவர் திருக்கோஷ்டியூர் பக்கம் எங்கள் ஊரில் விவசாயம் பார்க்கிறார். அம்மா போய்ச் சேர்ந்து சில வருடமாகிறது. நானும் அவரும் மழை, உரம், மோட்டார் தவிர வேறு எதையும் பேசிக்கொண்டவர்கள் இல்லை. துண்டும் ஒரு மஞ்சப்பையுமாக வந்து இறங்கினார். "ஊருல பாதிப் பேருக்குக் கொடலெறக்கம்தான். பயப்படாத" என்றார்.

அறுவை நாளன்று காலை நர்ஸ் கையெழுத்து வாங்க வந்தவர், எல்லோருக்கும் கேட்கும்படி, "இடது பக்க விதை எடுக்குற ஆபரேஷன், கதிரேசன், நீங்கதானே?" என்றார். அப்பா ஜன்னலோரம் நின்றிருந்தார். திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு புவனாவைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். நெஞ்சுக்கு மேலே ஒரு துணியைத் திரை போலக் கட்டியிருந்தார்கள். வலி இல்லை, யாரோ எங்கோ எதையோ இழுக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. பிறகு இழுப்பது நின்றது. ஒரு ஸ்டீல் தட்டு நகரும் சத்தம் கேட்டது.

இரண்டு பேர் தங்கும் அறை எனக்கு. பக்கத்துக் கட்டிலில் ஹனீபா பாய், இளையான்குடியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். விதையைச் சுற்றியிருக்கும் உறைக்குள் நீர் கோத்துக்கொள்ளும் நோய் அவருக்கு. ஆபத்தில்லாதது, ஆனால் தேங்காய் அளவுக்கு வளரவிட்டிருந்தார்.

"வருசக்கணக்கா கைலிக்குள்ள வச்சு மறைச்சுட்டேன் தம்பி. பள்ளிவாசல்ல தொழுகையில குனிஞ்சு நிமிர முடியல, நாற்காலி போட்டுக்கிட்டேன். என்ன பாய்ன்னு கேட்டாக. முட்டி வலின்னேன். ஊரே முட்டிக்குத் தைலம் கொண்டாந்து குடுத்துச்சு."

"என்ன செஞ்சீக அம்புட்டுத் தைலத்தையும்?"

"குடுத்தவங்க மனசு நோகக் கூடாதுன்னு முட்டிக்குத் தேச்சேன். இப்ப முட்டி ரெண்டும் ரொம்ப நல்லாருக்கு."

சிரித்தால் தையல் இழுத்தது. இருந்தும் சிரித்தேன். அந்த மருத்துவமனையில் நான் சிரித்தது அந்த ஒருமுறைதான். அவர் மறுநாள் வீட்டுக்குப் போனார். போகும்போது என் தலையில் கை வைத்து, உதடு அசைய ஏதோ ஓதிவிட்டுப் போனார். அவருக்கு நோய் தீர்ந்துவிட்டது, எனக்கு நோயின் பெயரே இன்னும் தெரியவில்லை. காலியான கட்டிலைப் பார்த்தபடி படுத்திருப்பது கடினமாக இருந்தது.

எழுந்து உட்கார முடியாத முதல் இரண்டு நாளும் அப்பாதான் எனக்கு எல்லாம் செய்தார். புவனா வந்தாலும், "நீ செத்த ஒக்காரும்மா, நான் பாத்துக்குறேன்" என்று விலக்கிவிடுவார். சிறுநீர்ப் பாத்திரத்தைப் பிடிப்பார், கொண்டுபோய்க் கொட்டிக் கழுவி வருவார். ஈரத்துணியால் என் காலைத் துடைப்பார். கட்டுப் போட்ட இடத்துக்கு வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, கை மட்டும் வேலை செய்யும். அவருக்குக் கூச்சமா, நான் கூசக்கூடாது என்பதா, தெரியாது.

ஒருநாள் மத்தியானம் துடைத்து முடித்துத் துணியைப் பிழிந்துகொண்டே பேசினார்.

"அந்தப் பெரிய டாக்டர்கிட்டப் போயி ஒண்ணு கேட்டேன் கதிரு."

"என்ன கேட்டீக?"

"எனக்கு இருக்கதுல ஒண்ண எடுத்து ஒனக்கு வச்சிற முடியுமான்னு. கிட்னியெல்லாம் மாத்துறாகள்ல. எனக்கு இனிமே அது என்னத்துக்கு?"

அவர் துணியை இன்னொருமுறை முறுக்கிப் பிழிந்தார்.

"முடியாதுன்னுட்டாரு. அவருக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல. உள்ள இருந்த நர்சம்மா சிரிச்சுருச்சு. அதுக்கென்ன, சின்னப் பிள்ளை." பிழிந்த துணியைக் கட்டில் கம்பியில் காயப்போட்டார். "சோறு திங்கிறியா?"

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவரும் வற்புறுத்தவில்லை.

எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பி முடிவு வரும்வரை காரைக்குடியில் வீட்டில் கிடந்தேன். அந்த நாட்களில் மனம் போன போக்கைச் சொல்ல முடியாது. புவனா காய் நறுக்கும்போது, நான் இல்லாவிட்டால் இவள் எங்கே போவாள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் நிமிர்ந்தால் டிவியைப் பார்ப்பேன். அவளும் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் இருப்பாள். வெளியே வரும்போது முகம் கழுவியிருப்பாள். இருவரும் நடிக்கிறோம் என்று இருவருக்கும் தெரியும்.

மதுரையிலிருந்து கூப்பிட்டார்கள். போனோம். சர்ஜன் எங்களை உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னார்.

"கேன்சர் இல்லை."

புவனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் ஓயும்வரை சர்ஜன் காத்திருந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லாததை அப்போதுதான் கவனித்தேன்.

"டிபி" என்றார்.

டிபி என்றால் நுரையீரல், இருமல், ரத்தம் என்றுதான் எனக்குத் தெரியும். அது உடம்பில் எங்கும் போகலாம் என்றார். எப்போதோ மூச்சு வழியாக நுழைந்த கிருமி, நுரையீரலில் ஒன்றும் செய்யாமல், ரத்தத்தோடு போய் வேறோர் இடத்தில் வருடக்கணக்கில் பதுங்கியிருக்கும். சிறுநீரகத்தில், முதுகெலும்பில், சிலருக்கு விதைக்குப் பின்னால் இருக்கும் அந்த மெல்லிய குழாயில். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைந்தது, சாதாரணக் கிருமி மருந்துக்கு அடங்காதது எல்லாம் அதனால்தான். ஸ்கேனில் பார்த்தால் கேன்சர் கட்டி போலவே ஏமாற்றும்.

புவனா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "டிபின்னா மாத்திரையில சரியாயிரும்ல சார்?"

"ஆயிரும்மா. ஆறு மாசம் விடாமச் சாப்பிடணும்."

"அப்ப அத எடுக்காமலே இருந்திருக்கலாமா சார்?"

சர்ஜன் பேனாவை மேசையில் வைத்தார்.

"மாத்திரையிலேயே அடங்கியிருக்க வாய்ப்பு இருந்துச்சு. அந்த விந்தணு ரிப்போர்ட்டைப் பாத்தப்ப நான் இந்தப் பக்கமும் யோசிச்சிருக்கணும். கேன்சரா இருந்தா ஒரு வாரம் தாமதிக்கிறதும் தப்பாயிடுமேன்னு அதையே பாத்தேன்."

அவர் பொய் சொல்லியிருக்கலாம். எடுத்ததுதான் நல்லது என்று சொல்லியிருந்தால் நாங்கள் நம்பி, கும்பிட்டுவிட்டு வந்திருப்போம். உண்மையைச் சொன்னதால் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, கோபப்படாமல் இருக்கவும் முடியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, கேன்சர் இல்லை, கேன்சர் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். மேலூர் தாண்டியதும் அந்தச் சொற்களுக்கு இருந்த பலம் போய்விட்டது. தேவையில்லாமல் ஒன்றை இழந்துவிட்டேன் என்பது மட்டும் மிச்சமிருந்தது.

காரைக்குடி அரசு மருத்துவமனையில் மாத்திரையை இலவசமாகத் தந்தார்கள். நெஞ்சு எக்ஸ்ரே, சளிச் சோதனை எல்லாம் சுத்தம். என்னிடமிருந்து யாருக்கும் ஒட்டாது என்றார்கள். புவனாவுக்கும் பார்த்தார்கள், அவளுக்கு ஒன்றுமில்லை. முதல் மாத்திரை போட்ட அன்றே சிறுநீர் செம்மண் கலந்த மாதிரி வந்தது. மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இருந்தும் ஒவ்வொரு முறையும் பார்க்காமலே தண்ணீர் ஊற்றிவிடுவேன். வெறும் வயிற்றில் மாத்திரை, பிறகு குமட்டல், எதைப் பார்த்தாலும் வெறுப்பு. புவனா கஞ்சியை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டு, நான் குடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்த்துக்கொண்டிருந்தால் என்னால் விழுங்க முடியாது என்று அவளாகவே கண்டுகொண்டாள்.

சுகாதாரப் பணியாளர் ஒருவர் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போவார். மாடியில் இருந்த வீட்டுக்காரம்மா அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் கொடுத்தனுப்பும் மோர் நின்றது. ஆலையில் குடலிறக்கம் என்றே சொல்லி வைத்திருந்தேன். "கனம் தூக்காதீக" என்று எல்லோரும் அக்கறையாகச் சொன்னார்கள். அந்த அக்கறை எனக்குச் சொந்தமில்லாதது போல இருந்தது.

மருந்து முடிந்தது. காய்ச்சல் இல்லை, எடை ஏறியது. மறுபடி விந்துச் சோதனை செய்தார்கள். மறுபடியும் ஒன்றுமில்லை.

வலப்பக்கக் குழாயிலும் டிபி வந்து, வலிக்காமலே ஆறி, தழும்பாகி அடைத்திருக்கிறது என்றார் சர்ஜன். விந்தணு உள்ளே உற்பத்தியாகலாம், வெளியே வர வழியில்லை. மிச்சமிருக்கும் விதையிலிருந்து ஊசியால் எடுத்து, சோதனைக் குழாயில் கருவாக்கிப் பார்க்கலாம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அந்த ஒன்றையும் ஊசியால் தொடுவதா என்று நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது. இன்னும் முடிவெடுக்கவில்லை. எடுத்த பக்கத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில், சில நாள் பழைய கனம் வருகிறது. நரம்பின் ஞாபகம் என்கிறார்கள்.

இந்த வருடம் மாசித் தெப்பத் திருவிழாவுக்கு அப்பா கூப்பிட்டிருந்தார். திருக்கோஷ்டியூர்த் தெப்பக்குளத்துக் கரையில், வேண்டுதல் உள்ளவர்கள் ஓர் அகல்விளக்கை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். நினைத்தது நடந்தால் மறுவருடம் வந்து விளக்கேற்றுவார்கள். பகல் தெப்பத்துக்கே கரை முழுக்கக் கூட்டம். அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களைப் பார்த்ததும் ஒரு விளக்கோடு வந்து புவனாவின் கையில் திணித்தார்.

"போன வருசமே எடுக்கச் சொன்னேன், கேக்கல. இந்த வருசமாச்சும் எடு. எங்க அண்ணனுக்கு ஒரே பிள்ளை இவன். ஒனக்கு அந்தக் கவலையே இல்லயா? ஒழுங்கா வைத்தியம் பாத்திருந்தா இந்நேரம் இடுப்புல ஒண்ணு இருந்திருக்கும்."

சுற்றிலும் உறவுக்காரர்கள். புவனா விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. பழகிப்போயிருந்தது. அதைப் பார்த்ததும்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அயித்தை, அவளச் சொல்லாதீக" என்றேன். "எனக்கு நடந்தது கொடலெறக்க ஆப்பரேசன் இல்ல. விதையில டிபி வந்துருச்சு. ஒரு பக்கத்த எடுத்துட்டாக. மறுபக்கமும் அடச்சுக்கெடக்கு. அவளுக்கு ஒரு கொறையும் இல்ல. எனக்குத்தான்."

அத்தையின் வாய் திறந்தபடி இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு மாமா குளத்தைப் பார்க்க ஆரம்பித்தார். யாரோ ஒரு பெண் குழந்தையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். வசவில் மட்டும் வரும் சொல்லின் நாகரிக வடிவத்தைக் கோயில் குளத்தங்கரையில் நான் உரக்கச் சொல்லியிருந்தேன்.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். "நெசந்தான்" என்றார் தங்கையிடம். "நாந்தான் கூட இருந்து பாத்தேன்."

புவனா விளக்கை அத்தையின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "நீங்க ஏத்துங்க சின்னம்மா" என்றாள், மரியாதையாகத்தான். பிறகு கரையை விட்டு இறங்கி நடந்தாள். நான் பின்னால் போனேன். தேர்வீதி வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோபமா என்று தெரியவில்லை. ஊரறிய என்னைக் குறைத்துக்கொண்டதில் அவளுக்கும் அவமானம் வந்துவிட்டதோ என்று பயந்தேன். ஒரு பஜ்ஜிக் கடை முன்னால் நின்றாள்.

"பசிக்குது. வாங்கித் தாங்க."

ஒரு இலைத்துண்டில் வாங்கி வந்தேன். கடையோரமாக, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று சாப்பிட்டோம். ஒரு பஜ்ஜியைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்து வாயில் வைத்தாள். கண்ணிலிருந்து நீர் இறங்கிக் கன்னத்தில் வழிந்தது. துடைக்கவில்லை, மென்றுகொண்டே இருந்தாள்.

"சட்னி காரம்" என்றாள்.

நானும் தொட்டுச் சாப்பிட்டேன். வெறும் தேங்காய்ச் சட்னி, உப்புக்கூடக் குறைவு.

"ஆமா" என்றேன். "ரொம்பக் காரம்."